ஹலால் என்பது மட்டும் போதுமா?

(நமது பள்ளிவாசலில் இஷா தொழுகைக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனது இறுதித் தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறி இந்த உரையைத் தொடங்குகிறேன்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! சில வாரங்களுக்கு முன் நமது சகோதரர் ஒருவர் தம் குடும்பத்தாருடன் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் சென்றுவிட்டு, இஷா தொழுகைக்கு நேரே இங்கு வந்தார். வண்டியில் ஒரு பை நிறைய மட்டி இருந்தது. தொழுகை முடிந்ததும் அவர் என்னிடம், "ஹஜ்ரத், இதை நாங்கள் சாப்பிடக் கூடுமா?" என்று கேட்டார். "நீங்கள் எந்த மத்ஹபைப் பின்பற்றுகிறீர்கள்?" என்றேன். "ஷாஃபிஈ" என்றார். "அப்படியானால் கூடும்" என்று கூறி அனுப்பிவிட்டேன்.

வீடு திரும்பிய பிறகு என் மனம் அமைதியடையவில்லை. நான் சொன்ன சட்டத்தில் பிழை இல்லை. ஆனால் அந்த மட்டி எந்த நீரிலிருந்து எடுக்கப்பட்டது, அந்த நீர் இப்போது எந்த நிலையில் உள்ளது என்பதை நானும் கேட்கவில்லை, அவரும் அறிந்திருக்கவில்லை. மறுநாள் ஃபஜ்ரு தொழுகையில் அவரை நலமுடன் கண்ட பிறகே நிம்மதி அடைந்தேன், அல்ஹம்துலில்லாஹ். அன்று நான் சொன்னது பாதி விடை. மீதிப் பாதியை உங்கள் அனைவருக்கும் சொல்வது என் மீதுள்ள கடமை என்று கருதியே இன்று பேசுகிறேன்.

மத்ஹபுகளின் நிலை

நமது ஜமாஅத்தில் வடஆற்காடு பகுதியிலிருந்து வந்து குடியேறிய ஹனஃபீ குடும்பங்களும் இருக்கின்றன. கடலோர ஊர்களிலிருந்து வந்த ஷாஃபிஈ குடும்பங்களும் இருக்கின்றன. கடல் வேட்டையும் கடல் உணவும் மனிதர்களுக்கு ஆகுமாக்கப்பட்டிருப்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் அறிவிக்கிறது. இதிலிருந்து சட்டம் எடுத்த இமாம்களில், ஹனஃபீ இமாம்கள் கடல்வாழ் உயிரினங்களில் மீன் மட்டுமே ஆகுமானது என்றனர். இறால் மீன் இனத்தில் சேருமா என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மட்டி, சிப்பி, ஆளி, நண்டு போன்றவற்றை அவர்கள் அனுமதிக்கவில்லை. ஷாஃபிஈ இமாம்கள் கடல்வாழ் உயிரினங்களைப் பொதுவாக ஆகுமானவை என்றனர். ஆயினும் நஞ்சுடையதும் உடலுக்குத் தீங்கு தருவதும் அவர்களிடத்திலும் விலக்கப்பட்டவையே.

ஆக, இங்கே கேள்விகள் இரண்டு. இந்தப் பொருள் ஆகுமானதா என்பது ஒன்று. இந்த நேரத்தில், இந்த நிலையில், இது உண்ணத் தக்கதா என்பது மற்றொன்று. பூமியில் உள்ளவற்றிலிருந்து ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஹலால் என்ற சொல்லோடு, தூய்மையும் நலமும் உடையது என்னும் பொருள்படும் தய்யிப் என்ற சொல்லும் அங்கே சேர்ந்தே வருகிறது. நாமோ முதற்சொல்லைப் பற்றிப் பெரிதும் விவாதிக்கிறோம். இரண்டாவது சொல்லை எளிதில் மறந்துவிடுகிறோம்.

வாயலூரில் நடந்தது

மட்டி தின்று யாராவது இறப்பார்களா என்று சிலர் வியக்கலாம். நமது குரோம்பேட்டையிலிருந்து நேர்கோட்டில் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், கல்பாக்கத்தை அடுத்து, பாலாறு கடலில் கலக்கும் இடத்தருகே வாயலூர் என்ற ஊர் இருக்கிறது. 1981ஆம் ஆண்டு அங்கே மட்டி உண்டவர்களில் பலர் நஞ்சு பாதித்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 3 பேர் உயிரிழந்தனர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் இந்த நிகழ்வை ஆராய்ந்து பதிவு செய்துள்ளனர். அந்த மக்கள் உண்டது நமது கழிமுகங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் மட்டியையே.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1983 ஏப்ரலில், மங்களூருக்குத் தெற்கே இன்றைய காசர்கோடு மாவட்டத்திலுள்ள கும்பளா கழிமுகத்தில் எடுத்த மட்டியை உண்டு ஒரு சிறுவன் இறந்தான். வேறு பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 1997 செப்டம்பரில் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் கடற்கரையில், மலையாளத்தில் கல்லும்மக்காய் எனப்படும் சிப்பியை உண்ட 500க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 7 பேர் இறந்தனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இவை மூன்றிலும் காரணம் ஒன்றே. அதற்கு மருத்துவர்கள் இட்ட பெயர் 'வாதத்தை உண்டாக்கும் சிப்பி நஞ்சு'. வாதம் என்றால் மூட்டுவலி என்று எண்ணிவிட வேண்டாம். இங்கே அது தசைகள் செயலிழப்பதைக் குறிக்கிறது.

நஞ்சு எங்கிருந்து வருகிறது?

மட்டியும் சிப்பியும் தாமாக நஞ்சை உண்டாக்குவதில்லை. கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் எண்ணற்றவை மிதக்கின்றன. அவற்றுள் அலெக்ஸாண்ட்ரியம், ஜிம்னோடினியம், பைரோடினியம் என்னும் இனங்களைச் சேர்ந்த சில வகைகள் சாக்சிடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. வெப்பமும் நீரோட்டமும் உரச்சத்தும் தோதாக அமையும் காலத்தில் இவை திடீரெனப் பல்கிப் பெருகும். சாதகமற்ற காலத்தில் விதைபோல் உறைந்து கடலடிச் சேற்றில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். காலம் வாய்க்கும்போது மீண்டும் எழும்.

மட்டியும் சிப்பியும் நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்பாசிகளை வடிகட்டி உண்டு வாழ்பவை. வளர்ந்த சிப்பி ஒன்று ஒரு மணி நேரத்தில் லிட்டர் கணக்கில் நீரை வடிகட்டும். நஞ்சுப் பாசி பெருகிய நீரில் அது நாள்தோறும் உண்ணும்போது, அந்த நஞ்சு அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். சிப்பிக்குப் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. அது கொழுத்துச் செழிப்பாகவே காணப்படும். அதை உண்ணும் மனிதனுக்கே ஆபத்து.

இந்த உண்மை ஒரே நாளில் புலப்பட்டதன்று. 1793 ஜூன் 15 அன்று, வட அமெரிக்காவின் மேற்குக் கரையை அளந்துகொண்டிருந்த ஆங்கிலேய மாலுமி ஜார்ஜ் வான்கூவரின் படகுப் பணியாளர்கள் காலை உணவாகச் சிப்பி சுட்டுத் தின்றனர். ஜான் கார்ட்டர் என்பவர் அன்றே இறந்தார். அந்த இடத்திற்கு நஞ்சுக் குடா என்றும், அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்திற்குக் கார்ட்டர் விரிகுடா என்றும் வான்கூவர் பெயரிட்டார். காரணம் என்னவென்று அப்போது தெரியவில்லை. 1927இல் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் 102 பேர் பாதிக்கப்பட்டு 6 பேர் இறந்த பிறகு, ஆய்வாளர்கள் பத்தாண்டுகள் முயன்று 1937இல், கடல்நீரிலுள்ள நுண்பாசியே மூலம் என்று நிறுவினர். அதாவது, மனிதன் தலைமுறை தலைமுறையாக உண்டு வந்த உணவில் நஞ்சு எவ்வாறு புகுகிறது என்பதை அல்லாஹ் நாடிய காலத்தில்தான் மனிதன் அறிந்துகொண்டான்.

சமையல் இதைப் போக்காது

தாய்மார்களும் சகோதரிகளும் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. சிப்பிகளால் வரும் கேடுகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. கழிவுநீர் கலந்த இடத்தில் வளர்ந்த சிப்பிகளில் நோய்க் கிருமிகள் இருக்கும். 1988இல் சீனாவின் ஷாங்காய் நகரில் அரைகுறையாக வெந்த மட்டியை உண்டதால் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை பரவியது. அத்தகைய கிருமிகளை நன்றாக வேகவைப்பதன் மூலம் அழிக்கலாம்.

சாக்சிடாக்சின் அவ்வாறானதன்று. அது கிருமி அல்ல, இரசாயனப் பொருள். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. உறைபெட்டியில் வைத்தாலும் அழியாது. புளியும் எலுமிச்சையும் வினிகரும் மஞ்சளும் அதை முறிக்காது. வேகவைக்கும்போது ஒரு பகுதி நீரில் இறங்கும். அந்த நீரையே குழம்பாகவோ சூப்பாகவோ குடித்தால் நஞ்சையே குடித்தவர்களாவோம். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. வெள்ளிக் காசைப் போட்டால் கறுக்கும் என்பது போன்ற சோதனைகள் பல நாடுகளிலும் வழங்குகின்றன. அவற்றில் எதுவும் உண்மையல்ல. ஆய்வுக்கூடத்தில் சோதித்தாலன்றி இந்த நஞ்சை அறிய வழியில்லை. ஒரு கிலோ சதையில் 800 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான அளவே, உலக நாடுகள் பலவும் வகுத்துள்ள உச்ச வரம்பு. இவ்வளவு நுண்ணிய அளவை நம் நாவும் மூக்கும் எவ்வாறு கண்டறியும்?

கடல் நிறம் மாறினால்தானே ஆபத்து என்று சிலர் கேட்கலாம். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர் முதலிய கடற்கரைகளில் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததை உங்களில் பலர் சென்று பார்த்தீர்கள். அது நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிரின் பெருக்கம். அது இந்த நஞ்சை உண்டாக்குவதில்லை. நஞ்சுடைய பாசிகளோ நீரின் நிறத்தை மாற்றாத அளவில் இருக்கும்போதே சிப்பிகளை நஞ்சாக்கிவிடக்கூடும். எனவே ஒளிரும் கடல் எல்லாம் நஞ்சும் அல்ல. தெளிந்த கடல் எல்லாம் பாதுகாப்பும் அல்ல.

கைபரில் ஒரு படிப்பினை

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு என்றவுடன் ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபரில் நடந்த நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரு பெண் ஆட்டிறைச்சியில் நஞ்சைக் கலந்து, அதை அன்பளிப்பாக நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்பினாள். நபியவர்கள் நஞ்சு இருப்பதை அறிந்து, கைகளை எடுத்துவிடுமாறு தோழர்களுக்குச் சொன்னார்கள். அதற்குள் பிஷ்ரு பின் அல்பராஃ (ரலி) அவர்கள் விழுங்கிவிட்டார்கள். அந்த நஞ்சினாலேயே அவர்கள் உயிர் நீத்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். அந்த இறைச்சி ஆட்டிறைச்சி. அதன் இனத்தில் விலக்கு எதுவும் இல்லை. உண்டவரோ சிறப்புமிகு நபித்தோழர். இருந்தும் நஞ்சு தன் வேலையைச் செய்தது. ஹலால் என்பது நஞ்சை முறிக்கும் மருந்தன்று. நம்மை நாமே அழிவில் ஆழ்த்திக்கொள்ளக் கூடாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனமும், நம்மை நாமே மாய்த்துக்கொள்ளக் கூடாது என்று அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனமும் எச்சரிக்கின்றன. ஐயத்திற்குரியவற்றைத் தவிர்ந்துகொள்பவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்னும் கருத்தில், நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகழ்பெற்ற நபிமொழி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. மார்க்கத்தையும் மானத்தையும் காக்கச் சொன்ன அந்த வழி, உயிரைக் காக்கவும் பொருந்தும்.

"எல்லாம் விதிப்படிதானே நடக்கும்?" என்று சிலர் கூறுவர். உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டிற்குப் பயணம் செய்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியுள்ளது என்ற செய்தியை வழியில் கேட்டு, படையினருடன் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, நாம் அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். எச்சரிக்கையும் தவக்குலில் அடங்கியதே.

அறிகுறி தோன்றினால்

நஞ்சுள்ள சிப்பியை உண்ட சில நிமிடங்களிலோ, சில மணி நேரத்திற்குள்ளோ, உதடும் நாக்கும் மரத்துப்போய்க் குறுகுறுக்கும். அது முகம், கழுத்து, விரல் நுனிகள் எனப் பரவும். தலை சுற்றும், குமட்டும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். நஞ்சு மிகுதியாக இருந்தால் மூச்சுவிடப் பயன்படும் தசைகள் செயலிழந்துவிடும். நரம்புகளில் செய்தி செல்லும் வாயில்களை இந்த நஞ்சு அடைத்துவிடுவதே காரணம். நோயாளி பெரும்பாலும் சுயநினைவுடனேயே இருப்பார். ஆனால் மூச்சு நின்றுபோகும்.

இதற்கு முறிவு மருந்து இல்லை. ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. செயற்கைச் சுவாசம் அளித்து உயிரைத் தாங்கிப் பிடித்தால், உடல் தானாகவே சிறுநீர் வழியே நஞ்சை வெளியேற்றிவிடும். முதல் நாளைக் கடந்தவர்கள் பெரும்பாலும் முழுமையாக நலம் பெறுகின்றனர். எனவே பிழைப்பதும் இறப்பதும், அல்லாஹ்வின் நாட்டப்படி, எவ்வளவு விரைவில் மருத்துவமனை செல்கிறோம் என்பதைச் சார்ந்திருக்கிறது.

இங்கே ஓர் இமாம் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உதடு மரத்துப்போன நோயாளியை ஓதிப் பார்ப்பதற்காக என்னிடம் அழைத்து வராதீர்கள். 108க்குத் தொலைபேசி செய்து, செயற்கைச் சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்கு நேரே கொண்டு செல்லுங்கள். எனக்குச் செய்தி சொன்னால் நான் அங்கே வந்து துஆ செய்வேன், இன்ஷா அல்லாஹ். சுக்குக் கஷாயம் கொடுத்துக் காத்திருப்பதும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்கவைப்பதும் உயிருக்கு ஆபத்தானவை. என்ன உண்டார், எப்போது உண்டார், எங்கே வாங்கியது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மீந்த உணவைக் கொட்டிவிடாமல் மூடி எடுத்துச் செல்லுங்கள். உடன் உண்ட மற்றவர்களையும் கவனியுங்கள். சிறு பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு நஞ்சே பேராபத்தை விளைவிக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, கழிமுகத்திலோ பாறையிலோ தாமாகச் சேகரித்த மட்டி, சிப்பிகளையும், எங்கே எடுக்கப்பட்டது என்று விற்பவரே சொல்ல இயலாதவற்றையும் வாங்காதீர்கள். வெளிநாடுகளுக்கு அனுப்பும் சிப்பிகள் சோதிக்கப்படுகின்றன. சாலையோரத்தில் கூடையில் வைத்து விற்கப்படுபவை சோதனைக்கு உட்பட்டு வருபவை அல்ல.

இரண்டாவதாக, கடல்நீர் நிறம் மாறியதாகவோ, மீன்கள் செத்து ஒதுங்கியதாகவோ செய்தி வந்தால், அந்தப் பகுதிச் சிப்பிகளை வாரக்கணக்கில் தவிர்த்துவிடுங்கள். பாசி மறைந்த பின்னரும் நஞ்சு சதையில் தங்கியிருக்கும்; சில சிப்பி இனங்களில் மாதக்கணக்கில் தங்கும். அக்காலத்தில் சிறு மீன்களையும் குடல் நீக்கியே சமைக்க வேண்டும். பாசியை உண்ணும் மீன்களின் குடலில் நஞ்சு இருக்கக்கூடும்.

மூன்றாவதாக, "நாங்கள் ஹனஃபீ; சிப்பியைத் தொடுவதே இல்லை" என்று கூறும் சகோதரர்களுக்கும் இதில் பங்குண்டு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பனிக்கட்டியின்றி வெயிலில் வைத்திருந்தால், அவற்றில் கிருமிகளின் செயலால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அதுவும் வேகவைத்தால் போகாது. முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு, தடிப்பு ஆகியன தோன்றும். கடையில் மீன் பனிக்கட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதும், வாங்கியவுடன் வீடு சேர்ப்பதும் அவசியம்.

நான்காவதாக, வலீமா, கந்தூரி, இஃப்தார் விருந்துகளைப் பொறுப்பேற்று நடத்துவோர் கவனிக்க வேண்டும். ஒருவர் தம் வீட்டில் உண்பது அவரது பொறுப்பு. நூறு பேருக்குப் பரிமாறுவது அமானிதம். விருந்துகளில் சிப்பி வகைகளை அறவே தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நம்மில் கடல் உணவு வணிகம் செய்வோரும் இருக்கின்றனர். நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். எங்கே எடுத்தது என்று தெரியாத பொருளைத் தெரிந்ததுபோல் சொல்லி விற்பதும் அவ்வகையைச் சார்ந்ததே.

அன்புச் சகோதரர்களே! கடலை நமக்கு வசப்படுத்தித் தந்து, அதிலிருந்து புத்தம்புது இறைச்சியை உண்ணச் செய்த அல்லாஹ்வின் அருட்கொடையை நான் உங்களுக்கு விலக்கவில்லை. விலக்கும் உரிமை எனக்கு இல்லை. வாயலூரில் இறந்த மூவரும் அறிந்து நஞ்சை உண்டவர்கள் அல்லர். அவர்களுக்கு எடுத்துச் சொல்ல எவரும் இல்லை. உங்களுக்கு இன்று சொல்லப்பட்டுவிட்டது. இதை உங்கள் இல்லத்தாருக்கும், அண்டை அயலாரான மாற்று மதச் சகோதரர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அன்று அந்தச் சகோதரரிடம் "கூடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பியதற்காக அவரிடமும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். இனி அவ்வாறு யார் கேட்டாலும், "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்ட பிறகே விடை சொல்வேன், இன்ஷா அல்லாஹ்.

நம் அனைவருக்கும் ஹலாலான, தூய்மையான, நலம் தரும் உணவை வல்ல ரஹ்மான் வழங்குவானாக! நம் பிள்ளைகளை எல்லாத் தீங்குகளிலிருந்தும் காப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹூ.